உப்பேறிய நிலத்திற்கு உரம் எது?



ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரங்களில் நிலம் வைத்திருப்போர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. "மூட்டை மூட்டையாக யூரியா இட்டும் பயிர் பச்சை பிடிக்கவில்லையே, ஏன்?" இதற்கு விடை உரக்கடையில் இல்லை.

பச்சைத்தோல் கெடாதிருக்க இடப்படும் உப்பு, கழிவுநீரோடு பாலாற்றங்கரைக் கிணறுகளில் கலந்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். நம்மவர் பலரது அடுப்பை எரிய வைத்த தொழில்தான் அது. ஆயினும் அதன் விலையை அண்டை வயல்காரரும் கொடுத்தார் என்பதை மறைப்பது நேர்மையன்று. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்னும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வை, 1996 ஆகஸ்ட் 28இல் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. 2025 ஜனவரி 30இல் அந்நீதிமன்றம் மீண்டும் இழப்பீடு குறித்து ஆணையிட்டது. இழப்பீடு கிடைத்தாலும் மண் தானாகத் திருந்திவிடாது.

உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டு, அங்கிருந்த கால்சியத்தை வெளியேற்றுகிறது. மண் இறுகுகிறது, நீர் இறங்குவதில்லை, வேர் மூச்சுத் திணறுகிறது. அத்தகைய காரமண்ணில் யூரியாவின் தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். பணம் போவது அவ்வழியேதான்!

ஆகவே முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதியுங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. அங்கு ஆலோசனை பெறலாம். வெறும் உப்பு மிகுதி என்றால் நல்ல நீரால் கழுவி வடித்தல் போதும். சோடியம் மிகுதி என்றால் பரிசோதனை சொல்லும் அளவில் ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி, வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் இடுவது வீண்செலவு.

அதன்பின் தக்கைப்பூண்டு. உப்பைத் தாங்கும் இப்பயிரை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்குமுன், சுமார் 45 நாளில் மடக்கி உழுக. தழை மக்கும்போது மண் பொலபொலப்பாகும்.

'எரு மட்டும் போதாதா?' என்பீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு டன் தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ 5 கிலோதான். ஏக்கருக்கு 5 டன் இட்டாலும் 25 கிலோ. அதுவும் முதற்போகத்திலேயே முழுதும் கிடைக்காது. நெல்லுக்கோ 60 கிலோ அளவில் தேவை. மீதியை இரசாயன உரந்தான் தரவேண்டும். கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனையும் பின்வந்த நீண்டகாலச் சோதனைகளும் இதையே உணர்த்துகின்றன: தழைச்சத்து மட்டும் இட்ட நிலம் நாளடைவில் தளர்கிறது, மூன்று சத்துக்களோடு தொழுவுரமும் பெற்ற நிலம் முன்னிற்கிறது.

காரநிலத்தில் யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் நன்று. எதுவாயினும் பிரித்து இடுக. மியூரியேட் பொட்டாஷில் ஏறக்குறைய பாதி குளோரைடு என்பதால், உப்பு நிலத்தில் சல்பேட் பொட்டாஷைத் தேர்வது நலம், விலை கூடுதலாயினும்.

மானாவாரி நிலக்கடலைக்காரர்கள் ஏக்கருக்கு 300 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, நிழலில் ஒரு மாதம் மூடி வைத்து இடலாம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு இலவசமாகக் கிடைக்கிறதென்று எவரேனும் கூறினால் வயலுக்கு ஏற்றிவிடாதீர்கள். குரோமியம் கலந்த அது எருவன்று.