கட்டடம் சொல்லும் கதை: களிமண், வைக்கோல், ஓராண்டுக் கெடு... 7,500 பேருக்கு ஓர் ஆலயம்!

கல் கூடாது. செங்கல் கூடாது. கோபுரம் கூடாது. மணி கூடாது. ஊர் மதிலுக்குள் இடம் கிடையாது. ஒரே வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். செலவு முழுக்க உங்களுடையது!

இப்படி ஒரு உத்தரவைக் கையில் கொடுத்து, ‘இனி தாராளமாக உங்கள் தேவாலயத்தைக் கட்டிக்கொள்ளலாம்’ என்று சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். போலந்தின் தென்மேற்கில் இருக்கும் ஷ்விட்னிட்சா நகரத்து மக்களோ கோடரியையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்கள். அவர்கள் கட்டிய மர ஆலயம் 360 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நிற்கிறது.

போர் முடிந்தது, கோயில் போனது

1618ல் தொடங்கி 1648 வரை ஐரோப்பாவைச் சூறையாடியது முப்பதாண்டுப் போர். கத்தோலிக்க அரசர்கள் ஒரு பக்கம், புராட்டஸ்டன்ட் அரசர்கள் மறுபக்கம் என்று ஆரம்பித்த சண்டை, போகப் போக யார் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்றே தெரியாத அளவுக்கு நீண்டது. கடைசியில் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையோடு ஓய்ந்தது.

ஷ்விட்னிட்சா இருக்கும் சிலேசியா பகுதி அப்போது ஹாப்ஸ்பர்க் பேரரசரின் கையில் இருந்தது. அவர் கத்தோலிக்கர். மக்களில் பெரும்பாலோர் லுத்தரன்கள், அதாவது ஜெர்மனியின் மார்ட்டின் லுத்தர் காட்டிய வழியில் சென்றவர்கள். (தரங்கம்பாடிக்கு 1706ல் வந்து இறங்கிய சீகன்பால்குவும் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்தான்.) போருக்குப் பிறகு பேரரசரின் நேரடி ஆட்சியில் இருந்த ஊர்களில் லுத்தரன்களின் ஆலயங்கள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன.

லுத்தரன் நாடான ஸ்வீடன், உடன்படிக்கைப் பேச்சில் இவர்களுக்காக வாதாடியது. அதன் பலனாக குவோகூஃப், யாவோர், ஷ்விட்னிட்சா ஆகிய மூன்று ஊர்களில் மட்டும் ஆளுக்கொரு ஆலயம் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. சமாதான உடன்படிக்கையால் வந்தவை என்பதால் ‘சமாதான ஆலயங்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர்.

அனுமதியோடு கூடவே வந்தவைதான் மேலே சொன்ன நிபந்தனைகள். மரம், களிமண், மணல், வைக்கோல் ஆகியவற்றை மட்டுமே பயன்படுத்தலாம். சீக்கிரம் மக்கிப்போகும் பொருள்கள்! ‘கேட்டீர்கள், கொடுத்துவிட்டோம். நிலைத்து நிற்பதெல்லாம் உங்கள் பாடு’ என்பதுதான் அதன் உள்ளர்த்தம். மதிலிலிருந்து பீரங்கிக் குண்டு பாயும் தூரத்தில் கட்ட வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை.

பத்தே மாதம்

கட்டடத்தை வடிவமைத்தவர் ஆல்பிரெக்ட் ஃபான் சேபிஷ். கோட்டை கொத்தளங்கள் கட்டிப் பழகியவர். பக்கத்து ஊரான யாவோரில் 1655ல் சமாதான ஆலயத்தை முடித்த அனுபவமும் அவருக்கு இருந்தது.

பணத்துக்கு என்ன வழி? போர் ஊரையே கந்தலாக்கியிருந்தது. அதனால் வெளிநாட்டு லுத்தரன் அரசவைகளுக்கு ஆள் அனுப்பி நன்கொடை கேட்டார்கள். ஹோக்பெர்க் என்ற பிரபுக் குடும்பம், தேவையான ஓக் மரங்களில் பெரும்பகுதியைத் தன் காடுகளிலிருந்து வெட்டிக்கொள்ளச் சொன்னது.

1656 ஆகஸ்ட் 23 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 1657 ஜூன் 24 அன்று முதல் ஆராதனை நடந்தது. இடையில் பத்தே மாதம்.

கனத்த மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் பூட்டி எலும்புக்கூடு மாதிரி முதலில் நிறுத்திவிடுவது, சட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளியை வைக்கோல் கலந்த களிமண்ணால் அடைப்பது. இதுதான் கட்டும் முறை. பாரம் முழுவதையும் சட்டங்களே தாங்கிக்கொள்ளும். சுவர் வெறும் அடைப்புதான்.

சிறிய வீடுகளுக்குப் பழகிய இந்த முறையில் ஒரு பிரம்மாண்டத்தையே எழுப்பினார்கள். 44 மீட்டர் நீளம். சுற்றிலும் அடுக்கடுக்காக மாடங்கள். 7,500 பேர் கூடலாம். அதில் 3,000 பேர் உட்காரலாம். சுற்றுவட்டாரத்தில் 36 கிராமங்களுக்கும் சேர்த்து இது ஒன்றுதான் ஆலயம், மூன்றே போதகர்கள்தான் என்றால், அந்த இடம் ஏன் தேவைப்பட்டது என்று புரியும்.

வெளியே எளிமை, உள்ளே சொர்க்கம்

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய தானியக் கிடங்கு போலத்தான் தெரியும். உள்ளே நுழைந்தவர்கள் வாயடைத்து நின்றுவிடுவார்கள். வெளித்தோற்றத்துக்குப் பேரரசர் விதித்த கட்டுப்பாட்டை உள்ளலங்காரத்தில் ஈடுகட்டிவிட்டார்கள். கூரை முழுக்க பைபிளின் வெளிப்படுத்தின விசேஷக் காட்சிகள். மாடங்களில் வேத வசனங்கள், கைவினைச் சங்கங்களின் சின்னங்கள், குடும்ப இலச்சினைகள். பிரசங்க மேடையில், போதகர் நேரத்தை மறந்துவிடாமல் இருக்க ஒரு மணல் கடிகாரம்! மரம் கொடுத்த ஹோக்பெர்க் குடும்பத்துக்கு வாசலுக்கு மேலே தனி மாடமே உண்டு.

கோபுரத்துக்கும் மணிக்கும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1707ல் ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் கொடுத்த நெருக்கடியில் பேரரசர் இறங்கிவந்தார். மறு ஆண்டே மணிக்கூண்டு எழுந்தது. ஆலயத்தோடு ஒட்டாமல், தனியாக நிற்கிறது அது.

தீயும் போரும் கடந்து

மரக் கட்டடத்துக்குப் பெரிய எதிரி தீ. மூன்று சமாதான ஆலயங்களில் குவோகூஃப் ஆலயம் 1758ல் எரிந்துபோனது. ஷ்விட்னிட்சா நகரமோ ஏழாண்டுப் போரில், 1757க்கும் 1762க்கும் இடையே, ஆஸ்திரியாவுக்கும் பிரஷ்யாவுக்கும் நடுவில் நான்கு முறை கை மாறியது. அத்தனை முற்றுகைகளையும் மதிலுக்கு வெளியே நின்ற இந்த ஆலயம் தாண்டிவிட்டது.

அடுத்த சோதனை 1945ல் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சிலேசியா போலந்துக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக இங்கே வழிபட்ட ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்த மாடங்கள் காலியாயின. கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், கைவிட்டு எண்ணக்கூடிய ஒரு போலந்து லுத்தரன் சபை, இவ்வளவு பெரிய கட்டடத்தைப் பொறுப்பேற்றது. 1990களில் போலந்து, ஜெர்மன் வல்லுநர்கள் சேர்ந்து பழுது பார்த்தார்கள். ஒரு காலத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு நாட்டுக்காரர்கள், ஒரே சுவரின் களிமண்ணைப் பூசினார்கள்.

2001ல் யாவோர், ஷ்விட்னிட்சா ஆலயங்கள் இரண்டையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மரச்சட்ட முறையில் கட்டப்பட்ட வழிபாட்டுத் தலங்களில் ஐரோப்பாவிலேயே பெரியவை இவைதான்.

இன்று சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். கோடையில் பாக் இசை விழா நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சின்னஞ்சிறு சபை கூடி ஆராதிக்கிறது. அனுமதி கொடுத்த பேரரசு 1918லேயே முடிந்துபோய்விட்டது. சீக்கிரம் மக்கிவிடும் என்று அது நினைத்த வைக்கோலும் களிமண்ணும் அதே இடத்தில் இருக்கின்றன.