பாராட்டு மடலில் இல்லாதவர்கள்

கடல்சார் கட்டுமான ஒப்பந்ததாரர்கள் வெளியிடும் வாடிக்கையாளர் பாராட்டுகள் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன: குறித்த நாளில் முடித்தனர், பண்போடு பழகினர். வீட்டுக்கு வெள்ளையடித்தவருக்கு இச்சான்று போதும். கடலில் கல் கொட்டியவருக்குப் போதாது.

கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. புதுச்சேரியில் 1980களில் துறைமுகத்துக்காக எழுப்பிய அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலை மறித்தன; வடக்கே நகரின் மணற்கரை அழிந்தது. நகரைக் காக்கக் கருங்கற்களைக் குவித்தனர். அரிப்பு அதற்கும் வடக்கே மீனவ ஊர்களுக்கு நகர்ந்தது. ஒவ்வொரு பணியையும் குறித்த நாளில் முடித்திருந்தாலும் இவ்விளைவு மாறியிராது.

பாராட்டுவோர் பணம் கொடுத்தவர்கள். கரையை இழந்தோர் அவ்வாக்கியத்தில் எழுவாயாகவும் இல்லை, செயப்படுபொருளாகவும் இல்லை. பத்துப் பருவமழைகளுக்குப் பின் சுவரின் வடபுறத்தார் சொல்வதே பாராட்டு, மற்றவை பற்றுச்சீட்டுகள்.