திருடனிடமே சாட்சி

சாட்பாட் வந்தபின் முட்டாள்தனத்துக்கு இடமில்லையாம், எழுதுகிறார் நண்பர். 2023-இல் நியூயார்க் வழக்கறிஞர் ஒருவர், விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை அடுக்கினார். ஆறு தீர்ப்புகள் எங்குமே இல்லாதவை. சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ‘இது நிஜ வழக்குதானா?’ என்று கேட்டிருக்கிறார், அதே சாட்ஜிபிடியிடம்! ‘நிஜம்தான்’ என்றது. 5,000 டாலர் அபராதம். புளுகிய இயந்திரத்துக்கு வியர்க்கவில்லை, கூனிக்குறுகியது மனிதர்தான்.

அந்தக் கூச்சம் இல்லாமல் அறிவின் கிளர்ச்சி மட்டும் எங்கிருந்து வரும்? கணிதமேதை ஆண்ட்ரூ வைல்ஸ் ஒரு தேற்றத்துக்கு 1993-இல் அறிவித்த நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. ஓராண்டுக்கு மேல் தவித்து, 1994 செப்டம்பரில் ஒரு காலையில்தான் அடைத்தார். அந்தக் காலைப்பொழுதைப் பற்றிப் பின்னாளில் கேமரா முன் பேசும்போது, அவருக்குப் பேச்சே வரவில்லை.