கையைப் பிடிக்காதீங்க... கையைக் கொடுங்க!

இந்த வாரம், நான் வாங்கின ஒரு பல்பு பத்தி!

போன மாசம் ஒருநாள் காலை, ஆனையூர் பஸ் ஸ்டாப். வெள்ளைக் குச்சியோடு ஒரு அண்ணன் நின்னுட்டிருந்தார். பஸ் வந்ததும் எனக்குள்ள இருந்த ஹீரோ முழிச்சுக்கிட்டான். குச்சி பிடிச்சிருந்த கையையே பிடிச்சு இழுத்து, அவரை ஏத்தினேன். டமார்! படியில் முழங்கால் இடிச்சிடுச்சு.

சீட்டில் உட்கார்ந்து காலைத் தடவிக்கிட்டே சிரிச்சார். ‘‘தம்பி, குச்சியைத் தூக்கிட்டா படி எங்கே இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ‘உதவி வேணுமா’ன்னு முதல்ல கேளுங்க. ‘ஆமா’ன்னா, உங்க கையைக் கொடுங்க. முழங்கைக்கு மேலே நான் பிடிச்சுக்கறேன். நீங்க அரை அடி முன்னால நடங்க. நீங்க ஏறுறதும் இறங்குறதும் அந்தக் கையிலயே எனக்குத் தெரிஞ்சுடும்!’’

அப்போதான் உறைச்சது. நான் செஞ்சது உதவி இல்லை; பார்சல் ஏத்துற வேலை!

யோசிச்சுப் பாருங்க. நம்ம மதுரை சுந்தரராஜன்பட்டியில் இருக்கிற இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை 1985-ல் ஆரம்பிச்ச எஸ்.எம்.ஏ.ஜின்னாவே பார்வையில்லாதவர்தான். மதுரைப் பொண்ணு பூரண சுந்தரி, 2019-ம் வருஷ சிவில் சர்வீசஸ் தேர்வில் 286-வது ரேங்க் வாங்கினாங்க. கம்ப்யூட்டர் திரையில் இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற இலவச சாஃப்ட்வேர் என்.வி.டி.ஏ-வை 2006-ல் எழுத ஆரம்பிச்ச ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரனுக்கும் பார்வை கிடையாது. ஸோ, இவங்களுக்குத் திறமை குறைச்சல் இல்லை. வழியில் நாம போட்டுவெச்சிருக்கிற தடைதான் ஜாஸ்தி!

நாம என்ன செய்யலாம்?

பிளாட்பாரத்துல பைக்கை நிறுத்தாதீங்க. குச்சி தரையில் இருக்கிறதைத்தான் கண்டுபிடிக்கும். நீட்டிக்கிட்டிருக்கிற ஹேண்டில்பார், உடம்பில் இடிச்ச பிறகுதான் தெரியும்.

கிளாஸ் நோட்ஸை போட்டோ எடுத்து அனுப்பினா போதாது. டைப் பண்ணியும் அனுப்புங்க. கையெழுத்து போட்டோவைப் படிக்க அந்த சாஃப்ட்வேர் திணறும்.

என்னை மாதிரி இன்ஜினீயரிங் பார்ட்டிகளுக்கு... ஆப் எழுதும்போது ஒவ்வொரு பட்டனுக்கும் பேர் கொடுங்க. இல்லைன்னா அது ‘பட்டன்... பட்டன்’னு மட்டும்தான் சொல்லும். எது ‘பணம் அனுப்பு’, எது ‘ரத்து செய்’னு எப்படித் தெரியும்?

பார்வையில்லாத மாணவருக்குப் பரீட்சை எழுதப் போறீங்களா? சூப்பர்! ஒப்புக்கிட்ட பிறகு கடைசி நேரத்துல கழட்டிவிட்டுடாதீங்க, ஒரு வருஷமே போயிடும். அவர் சொல்றதை மட்டும் எழுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச விடையைச் சேர்க்காதீங்க. பாஸோ ஃபெயிலோ, அது அவரோடதா இருக்கட்டும்.

நேத்து அதே ஸ்டாப்பில் மறுபடி அந்த அண்ணன். ‘‘அண்ணே, உதவி வேணுமா?’’ன்னேன்.

‘‘வேணாம் தம்பி. வர்ற பஸ் எங்கே போகுதுன்னு மட்டும் சொல்லுங்க.’’

போர்டைப் படிச்சுச் சொன்னேன். குச்சியால் படியைத் தட்டிப் பார்த்து, அவரே ஏறினார். பின்னாடியே நான்!