தண்ணி தெளிச்சா இதயம் துடிக்காது

ஒரு கேள்வி. இன்னைக்குச் சாயங்காலம் கிரவுண்டில் பவுலிங் போட ஓடி வரும் உங்கள் நண்பன் பாதியிலேயே சுருண்டு விழுந்தால் என்ன செய்வீர்கள்? முகத்தில் தண்ணி தெளிப்போம், சோடா கொடுப்போம், கையில் சாவியைத் திணிப்போம். ஒருத்தர் வீடியோ எடுப்பார். இதயம் நின்றவருக்கு இதில் எதுவுமே உதவாது.

2021 ஜூன் 12. கோபன்ஹேகனில் யூரோ கால்பந்து. டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலேயே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 2024 யூரோவில் அவர் கோலே அடித்தார்! "அங்க டாக்டர் இருந்தாங்க பாஸ்" என்பீர்கள். சரிதான். நம்ம கிரவுண்டில் இல்லை. அதனால்தான் நாம கத்துக்கணும்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவும் இல்லை, மூச்சும் இல்லையா? எப்போதாவது ஒருமுறை குறட்டை மாதிரி இழுப்பதை மூச்சு என்று நம்பாதீர்கள். உடனே 108க்கு அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. அடிகுழாயை நினைத்துக்கொள்ளுங்கள்: கைப்பிடி முழுசா மேலே வந்தால்தான் அடுத்த அடிக்குத் தண்ணீர். நெஞ்சும் அப்படித்தான், முழுசா மேலே வரணும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். வாயில் ஊதத் தெரியலைன்னா பரவாயில்லை, அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.

"விலா எலும்பு உடைஞ்சிட்டா?" உடையலாம். உடைந்த எலும்பு கூடிவிடும். ஆனால் சில நிமிடம் ரத்தம் போகாத மூளை பழையபடி திரும்பாது.

இதைப் படித்தால் மட்டும் போதாது. ஒரு முகாமில் பொம்மை மேல் நான் அழுத்திப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் கை தளர்ந்தது. "பாதி ஆழம்தான் போகுது தம்பி" என்றார் பயிற்சியாளர். உண்மையில் ஒரு ஆள் கிடந்திருந்தால்?

லேபில் மல்டிமீட்டர் பிடிக்கவே ரெண்டு மணி நேரம் சொல்லித் தருகிறார்கள். முதலாண்டு இண்டக்‌ஷனில் இதற்கு ஒரு மதியம் ஒதுக்கக் கூடாதா? கிளாஸ் ரெப்கள் முதல்வருக்குக் கடிதம் எழுதுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.