மானியம் யாருக்குப் போய்ச் சேருகிறது?

சிறு தொழில் செய்பவர்கள் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், சரக்கை இணையத்தின் வழியாக விற்க வேண்டும், அதற்குச் சர்க்காரே மானியம் தருகிறது என்று சொல்லப்படுகிறது. ஆலையிலிருந்து வெளியே வந்து, கிராஜுவிட்டிப் பணத்தில் இரண்டு விசைத்தறி வாங்கிப் போட்ட தொழிலாளி இதைக் கேட்கிறார். வயலில் வேலை இல்லாத மாதங்களில் அப்பளமும் மசாலாப் பொடியும் செய்து விற்கும் விவசாயத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களும் கேட்கிறார்கள். மானியம் உண்மைதானா, எங்கே கிடைக்கும், யாரைப் பார்ப்பது என்று நம்மிடம் விசாரிக்கிறார்கள்.

மானியம் உண்மைதான். ஆனால் அது எந்த வழியாக வருகிறது, வழியில் யார் யார் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மனுப் போடுவது வீண் அலைச்சல்.

2024 ஜூனில் மத்திய சர்க்கார் ‘டீம்’ என்ற பெயரில் ஒரு திட்டத்தை அறிவித்தது. 5 லட்சம் குறு, சிறு தொழில்களை ஓ.என்.டி.சி. என்ற இணையச் சந்தையில் சேர்ப்பது, அதில் பாதி பெண்கள் நடத்தும் தொழில்களாக இருப்பது என்பது இலக்கு. ஒதுக்கிய தொகை ரூ. 277 கோடியே 35 லட்சம். கேட்கப் பெரிய தொகைதான். 5 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள், தலைக்கு ரூ. 5,547 வருகிறது! இதுவும் ரொக்கமாகக் கொடுக்கும் பணமல்ல. சரக்குப் பட்டியல் தயாரிக்க, விற்பனைக் கணக்கை நடத்த, பாக்கிங், போக்குவரத்துச் செலவைத் தாங்க என்று வகுக்கப்பட்ட உதவி. சாதாரண வியாபாரி இந்தச் சந்தைக்குள் தனியாக நுழையவும் முடியாது. விற்பனைச் செயலி நடத்தும் ஒரு கம்பெனியின் மூலமே நுழைய வேண்டும். உதவி நின்ற பிறகு அந்தக் கம்பெனிக்குக் கமிஷன் கொடுக்கப் போவது யார்? அப்பளம் இடுகிறவள்தானே!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியல்ல. பிரிட்டனில் 2022 ஜனவரியில் இதேபோல் ஒரு திட்டம் வந்தது. சிறு நிறுவனம் கம்ப்யூட்டர் மென்பொருள் வாங்கினால் பாதி விலையை, 5,000 பவுன் வரை, சர்க்கார் ஏற்கும் என்றார்கள். சர்க்கார் அங்கீகரித்த பட்டியலில் உள்ள மென்பொருளைத்தான் வாங்க வேண்டும். எதிர்பார்த்ததில் மிகச் சொற்பம் பேரே அந்தச் சலுகையைப் பயன்படுத்தினார்கள். 2023 பிப்ரவரியில் திட்டத்தையே மூடிவிட்டார்கள். சிறு தொழில் செய்பவனுக்கு என்ன தேவை என்று அவனைக் கேட்காமல், விற்க இருக்கும் சரக்கை வைத்துத் திட்டம் போட்டால் வேறு என்ன நடக்கும்?

2023 செப்டம்பரில் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் ஒரு வேடிக்கையான ஷரத்து உண்டு. தச்சர், கொல்லர், தையற்காரர், சலவைத் தொழிலாளி ஆகியோர் செல்போன் மூலம் பணம் வாங்கினால், ஒவ்வொரு வரவுக்கும் 1 ரூபாய் ஊக்கத் தொகை. மாதத்தில் 100 வரவுக்கு மேல் கிடையாது. ஆக, மாதம் முழுவதும் தவறாமல் வாங்கினாலும் 100 ரூபாய்! அந்தச் செல்போனுக்கு மாதாமாதம் கட்டும் கட்டணத்துக்கே இது போதாது. (குலத் தொழிலை நிலைநிறுத்தும் என்று ஆட்சேபித்து, தமிழக அரசு 2024 நவம்பரில் இத்திட்டத்தை மறுத்தது, ஜாதி பார்க்காத கைவினைத் திட்டம் ஒன்றை 2025 ஏப்ரலில் தொடங்கியது. அதில் கடனில் 25 சதம், அதிகபட்சம் ரூ. 50,000 மானியம் என்று விதித்தார்கள்.)

பெரிய மானியங்களோ வங்கிக் கடனோடு முடிச்சுப் போடப்பட்டவை. உணவுப் பொருள் செய்யும் குறுந்தொழில்களுக்காக 2020-ல் வந்து, 2025-26 வரை நீட்டிக்கப்பட்ட திட்டத்தைப் பாருங்கள். 35 சதம், ரூ. 10 லட்சம் வரை மானியம். கைமுதல் குறைந்தது 10 சதம். மீதி வங்கிக் கடன். வங்கி மானேஜர் கையை விரித்தால் மானியமும் போயிற்று. வீட்டுப் பத்திரம் கொண்டு வா என்கிறார்கள். ரூ. 10 லட்சம் வரை சிறு தொழில் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே உத்தரவிட்டிருக்கிறது. நம் மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பத்திரம் கேட்கும் மானேஜரிடம் இந்த உத்தரவைச் சொல்லுங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படவில்லை. 2006 சட்டத்தின்படி, ரூ. 25 லட்சம் வரை இயந்திரம் போட்டிருந்த உற்பத்தித் தொழில்தான் ‘குறுந்தொழில்’. 2025 ஏப்ரல் 1 முதல் இந்த வரம்பு ரூ. 2½ கோடி, வருஷ வியாபாரம் ரூ. 10 கோடி வரை இருக்கலாம். இரண்டு தறிக்காரரும் பத்துக் கோடி வியாபாரியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கணக்குப்பிள்ளையும் ஆடிட்டரும் வைத்திருப்பவன் மனுவை முதல் நாளே போட்டுவிடுகிறான். ஓ.டி.பி. என்றால் என்ன என்று மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் உள்ளவர் எப்போது போடுவார்? உண்மையிலேயே சிறியவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான். மானியம் வாங்கும் பட்டறையில் வேலை செய்பவனுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா என்பதையும் மானியம் கொடுக்கும்போதே பார்க்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். தொழிலைப் பதிவு செய்யும் ‘உத்யம்’ பதிவுக்குக் காலணாக் கட்டணம் கிடையாது. ஆதார் எண் வேண்டும். சர்க்கார் முத்திரை போன்ற ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவர்கள் தரகர்கள். ஓ.டி.பி. எண்ணை அவர்களிடம் சொல்லாதீர்கள். திட்டங்களுக்குப் பெயர் மாறும், காலம் முடியும். ஆகவே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், இந்த வருஷம் எது நடப்பில் இருக்கிறது, பணம் யார் கணக்கில் விழும், எந்தக் கம்பெனியிடமாவது வாங்கியாக வேண்டுமா என்று மூன்றையும் கேளுங்கள். ஒருவராகப் போவதைவிடப் பத்துப் பேராகப் போவது மேல். மேலே சொன்ன உணவுத் திட்டத்திலேயே, சுய உதவிக் குழு உறுப்பினருக்குத் தலா ரூ. 40,000 வரை ஆரம்ப மூலதனம் என்றும், குழுக்கள் சேர்ந்து சரக்கை விளம்பரப்படுத்தினால் செலவில் பாதி என்றும் விதி இருந்தது.

சங்க அலுவலகங்களில் மாலை நேரங்களில் விளக்கு எரிகிறது. படித்த இளைஞர்களும் வருகிறார்கள். வாரம் ஒரு மாலையை இந்த மனுக்களை எழுதிக் கொடுப்பதற்கு என்று அவர்கள் ஒதுக்க வேண்டும். எந்த வங்கி எத்தனை மனுவைத் திருப்பியது என்ற கணக்கையும் அங்கேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளன்று அந்த நோட்டோடு போவோம்.