பொம்மை இரயிலும் பொறுப்புணர்வும்

விளையாட்டுப் பொருளென நாம் ஒதுக்கும் பொம்மை இரயிலில் கற்க என்ன இருக்கிறது எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் மாணவர்கள் தொடங்கிய மாதிரி இரயில் மன்றத்தில், தொலைபேசி ரிலேக்களைக் கொண்டு வண்டி ஓட்டிப் பழகியவர்களிடையே கணிப்பொறி உலகின் முன்னோடிகள் சிலர் தோன்றினர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்டிலோ, 87இல் ஒரு பங்காகச் சிறுத்த வண்டிகளைக் கணிப்பொறிகளே இயக்குகின்றன.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை 'பிளாக்' முறை. பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதியில் ஒரு வண்டிக்கே இடம். முன்னது வெளியேறிய பின்னரே பின்னதற்குப் பச்சை விளக்கு எரியும். இவ்விதி எளிதில் வந்ததன்று. அயர்லாந்தின் அர்மா நகரருகே 1889 ஜூன் 12 அன்று, ஞாயிறுப் பள்ளிச் சிறுவரை ஏற்றிச் சென்ற உல்லாச வண்டி மேடேற மாட்டாமல் நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்தனர். பின்பாதி சரிவில் உருண்டோடி, அடுத்து வந்த வண்டியின்மீது மோதியது. 80 உயிர்கள் மாண்டன. அப்பாதையில் நேர இடைவெளி ஒன்றே காவல். முன்வண்டி போயிருக்கும் என்பது வெறும் ஊகம். அவ்வாண்டே பிரித்தானிய நாடாளுமன்றம் பயணிகள் பாதைகளில் பிளாக் முறையைக் கட்டாயமாக்கச் சட்டம் இயற்றியது.

சரி, பாதையில் வண்டி நிற்பதைக் கருவி எவ்வாறு அறிகிறது? இங்கேதான் நாம் வழக்காட விரும்புகிறோம். வில்லியம் ராபின்சன் 1872இல் காப்புரிமை பெற்ற பாதைச் சுற்றில், தண்டவாளத்தின் வழியே மின்னோட்டம் இடையறாது பாய்ந்து ரிலேயைத் தாங்கி நிற்கும். வண்டியின் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் இணைத்ததும் ரிலே விழும்; சிவப்பு எரியும். மின்கலம் தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும் சிவப்பே. பழுது நேரின் வண்டி நிற்கும், அவ்வளவே.

மாதிரிப் பாதையில் பெரும்பாலோர் அமைப்பது இதற்கு நேர்மாறானது. எஞ்சின் மின்சாரம் உறிஞ்சினால் 'வண்டி உண்டு', உறிஞ்சாவிடில் 'இல்லை'. கம்பி அறுந்தாலும் 'இல்லை' என்றே கணிப்பொறி கொள்ளும், பச்சை காட்டும். கொக்கி கழன்று தனித்து நிற்கும் பெட்டி மின்சாரம் உறிஞ்சாது. ஆதலால் அது கணிப்பொறியின் கண்ணுக்குத் தெரியாது. அர்மாவின் பின்பாதி இன்னும் அங்கேயே நிற்கிறது! பெட்டிகளின் அச்சில் சிறு மின்தடை பொருத்தினால் இக்குறை நீங்கும். செலவு சொற்பம், சலிப்புத்தான் மிகுதி. ஆகவே பலர் நிரல் எழுதுவதில் இரவுகளைக் கழித்துவிட்டு இதனை மறக்கின்றனர்.

பொம்மைதானே என்பீராயின், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் 2023 ஜூன் 2 அன்று நடந்ததை எண்ணிப் பாருங்கள். சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவுவண்டிக்கு நேர்பாதைக்கான பச்சை விளக்கு எரிந்தது. பாதையோ சரக்கு வண்டி நின்ற கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சைகைச் சுற்றின் கம்பி இணைப்புகளில் முன்னர்ச் செய்த மாற்றங்களில் நேர்ந்த பிழையே காரணமென விசாரணை கூறிற்று.

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. மாணவர் மாதிரி இரயில் அமைத்துக் காட்டும்போது, வண்டி ஓடியதற்காக மட்டும் மதிப்பெண் வழங்காதீர்கள். ஏதேனும் ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டு, வண்டி நிற்கிறதா என்று பார்த்து வழங்குங்கள்.